விளக்கொளியில் காணொளி எடுக்க 25 அல்லது 50 ஃபிரேம்

சிங்கப்பூரில் சமூக மன்ற மண்டபத்திலோ வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்திலோ விளக்கொளியில் காணொளி எடுக்கும்போது, கேமராவின் ஃபிரேம் வேகத்தை, அதாவது வினாடிக்கு எத்தனை படங்கள் பதிவாகின்றன என்பதை, 30, 60 என்பவற்றிலிருந்து 25 அல்லது 50க்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஐஃபோனில் இந்த வேகங்கள் தென்பட, கேமரா அமைப்புகளில் ‘பால்’ (PAL) எனும் காணொளி வடிவங்களைக் காட்டும் தெரிவை முதலில் இயக்க வேண்டும்.

இங்குள்ள மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 50 சுழற்சிகள்; ஒவ்வொரு சுழற்சியிலும் இருமுறை என்பதால் பல விளக்குகள் வினாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. 100 என்பது 25ஆலும் 50ஆலும் மீதியின்றி வகுபடுவதால் ஒவ்வொரு ஃபிரேமும் ஏறத்தாழ ஒரே அளவு ஒளியைப் பெறுகிறது, 30இல் அது பிசகி, படத்தில் கருங்கோடுகள் ஊர்கின்றன. ஷட்டர் வேகத்தை (ஒவ்வொரு ஃபிரேமும் ஒளியைப் பெறும் நேரத்தை) 1/50 அல்லது 1/100 வினாடி என நிறுத்தி வைக்க முடிந்தால் 30 ஃபிரேமிலும் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

தெளிவுத்திறனைப் பொறுத்தவரை, உறவினர்கள் கைபேசியில் பார்ப்பதற்கு 1080 (1080p) போதும். 4கே நான்கு மடங்கு புள்ளிகளைச் சேர்த்து நினைவகத்தைத்தான் நிரப்பும்.

பகல் வெளிச்சத்தில் இந்த மாற்றம் தேவையில்லை. மேடையின் எல்இடி திரைகள் வேறு வேகத்தில் மினுக்குவதால் அவற்றுக்கு இது உதவாது. மற்றவர்கள் 30இல் எடுத்த காட்சிகளோடு இணைத்துத் தொகுப்பதாக இருந்தால், நீங்களும் 30இலேயே எடுப்பது நல்லது.