ஆயுத பூசையில் தொடங்குங்கள்: பொங்கல் வரை ஆட்களின் எடை ஏறாமல் பார்க்க

சேலத்து மில்லாகட்டும், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையாகட்டும், பொரி, தீபாவளிப் பலகாரம், அடைமழை, பொங்கல் என்று மூன்று மாதம் வரிசையாக வரும். அந்த நேரத்தில் யாரையும் இளைக்க வைக்கப் பார்க்காதீர்கள். ஏறாமல் நிறுத்தினால் போதும்.

ஆயுத பூசைக்கு ஒரு வாரம் முன்பே எடை மிஷினைச் சமமான சிமென்ட் தரையில் வையுங்கள். விரிப்பின் மேல் வைத்தால் எண் தப்பும். செருப்பு, சாவி, செல்போன் எல்லாம் இறக்கிவிட்டு, வாரம் ஒரே கிழமையில், ஷிப்டு தொடங்குமுன் ஏறட்டும். வயிறு நிறையச் சாப்பிட்டு, தண்ணீரும் குடித்துவிட்டு ஏறினால் ஒரு கிலோகூடக் கூடுதலாகக் காட்டும். ஆள் அதிலேயே மனசு விட்டுவிடுவார். எண்ணை அவரவர் சீட்டில் அவரவரே எழுதட்டும். நோட்டீஸ் போர்டில் ஒட்டினீர்களோ, அடுத்த வாரம் பாதிப் பேர் வரமாட்டார்கள். மாதம் ஒருமுறை இடுப்பையும் அளக்கலாம்: ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் சர்க்கரை, பிரஷர் பார்ப்பது நல்லது.

பெரிய ஓட்டை டீயில்தான். கிளாஸுக்கு 2 ஸ்பூன் என்றால் 10 கிராம் சர்க்கரை. நாளைக்கு 4 டீ குடித்தால் 40 கிராம், அதாவது 160 கலோரி. கேனில் கலந்தே வருவதால் யாருக்கும் கணக்குத் தெரிவதில்லை. சர்க்கரையைத் தனியாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். முதல் இரண்டு வாரம் ஒன்றரை ஸ்பூன், பிறகு ஒன்று. ஒரேயடியாக நிறுத்தினால் வெளிக்கடைக்குப் போவார்கள். டீயோடு ஒரு போண்டாவும் உள்ளே போகும்.

தட்டுவடை செட்டை (இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் காய்த் துருவலும் வைத்த சேலத்துப் பலகாரம்) தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஒரு பிளேட்டை இரண்டு பேர் பகிரட்டும்; கேரட், பீட்ரூட் தாராளமாக இருக்கட்டும். மற்ற நாளில் சுண்டல். வியாபாரிகள் தரும் ஸ்வீட் பாக்ஸ் மேசையில் திறந்து கிடந்தால் போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரு கை வைப்பார்கள். அலமாரியில் பூட்டி, சாயங்கால டீயோடு மட்டும் ஆளுக்கு ஒரு துண்டு கொடுங்கள். போனஸோடு கொடுக்கும் ஒரு கிலோ இனிப்பை அரைக் கிலோவாக்கி, மிச்சத்துக்குக் காசாகவே கொடுக்கலாம்; யாரும் கோபிக்கமாட்டார்கள்.

மழையில் வெளியே நடக்க முடியாது. சாப்பிட்டதும் 10 நிமிடம் குடோனுக்குள் சுற்றட்டும். மிஷின் சந்துகள் வேண்டாம். ஏற்காடு டூரை உடற்பயிற்சிக் கணக்கில் எழுதாதீர்கள்: 20 கொண்டை ஊசி வளைவையும் வண்டியிலேயே ஏறி, ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி சாப்பிடுவதுதான் நடக்கும்.

அதிகம் இளைத்தவருக்குப் பரிசு என்று மட்டும் அறிவிக்காதீர்கள். பட்டினி கிடப்பார்கள். இன்சுலின் போடுகிறவர், சிலவகை சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் அப்படிக் கிடந்தால் மிஷின் முன்னாலேயே மயங்கி விழலாம். தொடக்க எடையிலிருந்து ஒரு கிலோவுக்கு மேல் ஏறாத எல்லோருக்கும் ஒரே பரிசு. கடைசி எடையைக் காணும் பொங்கல் கழிந்து ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள்.