அடுத்த விமானத்துக்கு எட்டு மணி நேரம்: திருச்சியில் இறங்கி மாறுகிறவர்களுக்கு

சிங்கப்பூரிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ வளைகுடா நாடுகளிலிருந்தோ திருச்சியில் வந்திறங்கி, அங்கிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ வேறொரு விமானம் பிடிக்கிறவர்களுக்கு, இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரமோ பத்து மணி நேரமோ விழுந்துவிடுவது உண்டு. பெருநகர விமான நிலையமாக இருந்தால் அந்த நேரத்தைக் கடைகளைச் சுற்றியே கழித்துவிடலாம். திருச்சியில் அது நடக்காது. 2024 ஜனவரி 2 அன்று திறந்துவைக்கப்பட்டு அதே ஆண்டு ஜூன் 11 முதல் இயங்கிவரும் புதிய முனையம் 75,000 சதுர மீட்டர் பரப்பில், கோயில் கோபுர வண்ணங்களும் கோலங்களும் சுவரோவியங்களுமாகப் பார்வைக்குப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓவியங்களையெல்லாம் நின்று பார்த்து முடிக்க அரை மணி நேரம் போதும், அதற்குப் பிறகு நாற்காலியும் காப்பியும்தான். ஆகவே வெளியே போவதா உள்ளேயே இருப்பதா என்பதை விமானம் ஏறுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.

முடிவு செய்வதற்கு முதலில் ஒரு கணக்குப் போட வேண்டும். பயணச்சீட்டில் இருக்கும் எட்டு மணி நேரம் உங்கள் கையில் இருக்கும் எட்டு மணி நேரம் அன்று. வெளிநாட்டு விமானங்கள் பலவும் இரவிலும் விடியற்காலையிலும் அடுத்தடுத்து இறங்குவதால், இரண்டு விமானக் கூட்டம் ஒரே நேரத்தில் குடிவரவு வரிசையில் நிற்கும். அதன் பிறகு பெட்டி வர வேண்டும். தங்கக் கடத்தல் அடிக்கடி பிடிபடும் இடம் என்பதால் சுங்கச் சோதனையும் இங்கே கண்டிப்பாகவே இருக்கும். இவை அனைத்துக்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரத்தைக் கழித்துவிடுங்கள். அடுத்தது உள்நாட்டு விமானமானால் இரண்டு மணி நேரமும், வெளிநாட்டு விமானமானால் மூன்று மணி நேரமும் முன்னதாகத் திரும்பி வந்துவிட வேண்டும். ஆக, அடுத்தது உள்நாட்டு விமானமாக இருந்தாலே எட்டு மணி நேரத்தில் மிஞ்சுவது நான்கரை மணி நேரம். அதிலும் போக்குவரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். மொத்த இடைவெளி ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் நகரத்துக்குள் போகாதீர்கள் என்பதே என் கருத்து. மூன்று மணி நேர இடைவெளியில் மலைக்கோட்டை ஏறி இறங்கிவிட்டதாகச் சொல்கிறவர்களை நானும் சந்தித்திருக்கிறேன். அவர்களுக்கு வாய்த்த நெரிசலில்லாத சாலை எல்லோருக்கும் வாய்க்கும் என்று நம்பிவிடக் கூடாது.

பெட்டியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இந்தியாவில் முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே தங்கள் பெட்டியை எடுத்துச் சுங்கத்தைக் கடந்து, பிறகுதான் அதை உள்நாட்டு விமானத்தில் மறுபடியும் ஒப்படைக்க வேண்டும். இரண்டு பயணங்களையும் தனித்தனிச் சீட்டுகளாக வாங்கியிருந்தால், முதல் விமானம் தாமதமானதற்காக இரண்டாவது நிறுவனம் காத்திருக்காது, பணத்தையும் திருப்பித் தராது. கொழும்பிலிருந்து வந்து திருச்சி வழியாக மலேசியாவுக்கோ சிங்கப்பூருக்கோ தனிச் சீட்டில் போக நினைக்கும் வெளிநாட்டுக் குடிமக்கள், இங்கே குடிவரவைக் கடந்து பெட்டியை எடுத்தாக வேண்டியிருப்பதால், இந்திய விசா இல்லாமல் அந்தத் திட்டத்தைப் போடவே கூடாது.

பெட்டியோடு ஊர் சுற்றுவது எப்படி என்பதுதான் அடுத்த கேள்வி. ரயில்வே சந்திப்பில் பொருள்களை வைத்துச் செல்லும் அறை உண்டு. ஆனால் ரயில் பயணச்சீட்டு கேட்பார்கள் என்பதால் அதை நம்பிப் போக வேண்டாம். மத்தியப் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள விடுதிகளில் அரை நாளுக்கு ஓர் அறை எடுப்பது ஒரு வழி. குளித்து உடை மாற்றிக்கொள்ளவும் அது உதவும். நான் பெரும்பாலும் செய்வது, காரை மணிக்கணக்கில் வாடகைக்கு அமர்த்தி, பெட்டியை அதிலேயே வைத்துக்கொள்வது. அப்படிச் செய்யும்போது வண்டி எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு, கடவுச்சீட்டையும் நகையையும் பணத்தையும் மட்டும் தோள்பையில் உடன் வைத்திருக்க வேண்டும்.

விடியற்காலை நான்கு மணிக்கு வருகைப் பகுதியின் கதவைத் தாண்டி வெளியே வந்தால், பட்டுக்கோட்டையிலிருந்தும் அறந்தாங்கியிலிருந்தும் பெரம்பலூரிலிருந்தும் வந்த வேன்கள் நிற்கும். பின் இருக்கையில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஒரு பாட்டி மட்டும் இறங்கி வந்து, வெளியே வரும் ஒவ்வொரு தள்ளுவண்டியையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். உங்களுக்காக யாரும் வரவில்லை என்பது அந்த இடத்தில் கொஞ்சம் உறைக்கும். அங்கே ஒரு காப்பி குடித்துவிட்டு, புறப்பாட்டுப் பகுதியின் வாயிலில் இருக்கும் பாதுகாப்புப் படைக் காவலரிடம் பயணச்சீட்டைக் காட்டி, எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள் என்று அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விமானத்துக்கு நெடுநேரம் இருந்தால் உள்ளே விட மறுக்கக்கூடும் என்பதால், உள்ளே போய்த் தூங்கிக்கொள்ளலாம் என்ற திட்டம் பலிக்கும் என்று சொல்ல முடியாது. வெளிநாட்டு சிம் அட்டையோடு வருகிறவர்கள் இலவச வைஃபைக்கு வரும் ஓ.டி.பி.க்காகத் தவித்துக்கொண்டிருக்காமல், வாடகைக் காரில் போக வேண்டிய முகவரியையும் விமானச் சீட்டையும் முன்கூட்டியே கைப்பேசியில் சேமித்து வைத்துக்கொள்வது நல்லது.

ஊருக்குள் போக முன்பணம் கட்டும் வாடகைக் கார் கவுண்டரும், கைப்பேசிச் செயலி வழிக் கார்களும் உண்டு. நகரப் பேருந்துகள் புதுக்கோட்டைச் சாலையில் ஓடுகின்றன. முனையத்துக்கும் அந்தச் சாலைக்கும் நடுவே நல்ல தூரம் இருப்பதால், தோள்பை மட்டும் உள்ளவர்களுக்கே அது ஏற்றது. ஏறிவிட்டால் டி.வி.எஸ். டோல்கேட் வழியாக மத்தியப் பேருந்து நிலையம் ஆறு கிலோமீட்டர் தூரம்தான். அங்கிருந்து சத்திரம் பேருந்து நிலையம், காவிரிப் பாலம், திருவானைக்காவல் வழியாகத் திருவரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பேருந்துக்கு நேரம் பார்க்க வேண்டியதில்லை. ஒன்று போனால் பின்னாலேயே இன்னொன்று வரும்.

எங்கே போவது என்பதைத் தூரத்தைவிட மணிதான் தீர்மானிக்கும். இந்த ஊரில் பார்க்க வேண்டியவற்றில் பெரும்பகுதி கோயில்கள். கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி மாலையில்தான் திறப்பார்கள். முதல் முறை இப்படி மாட்டிக்கொண்டபோது நான் பன்னிரண்டு மணிக்கு மேல் நிதானமாகக் கிளம்பி, திருவரங்கத்தில் சாத்திய கதவின் முன் நின்று, கோபுரத்தை மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தேன். 1987-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த ராஜகோபுரம் 236 அடி உயரம். பார்க்கத் தகுந்ததுதான், ஆனால் அதற்காக மட்டும் பதினைந்து கிலோமீட்டர் வெயிலில் போயிருக்க வேண்டியதில்லை.

விடியலில் இறங்குகிறவர்களுக்கே திருவரங்கம் பொருத்தமானது. அதிகாலை விஸ்வரூப தரிசனத்தில் பெருமாள் முதலில் பசுவையும் யானையையும் பார்க்கும்படி அவற்றைச் சந்நிதிக்கு முன்னே கொண்டுவந்து நிறுத்துவார்கள். வேறு நேரத்தில் வருகிறவர்களுக்கு அந்தக் காட்சி கிடைப்பதில்லை. நான்கு மணிக்கு இறங்கியவர் ஐந்தரைக்கு வெளியே வந்து உடனே கிளம்பினால் அதைப் பிடிக்க வாய்ப்பு உண்டு. 156 ஏக்கர் வளாகத்தை முழுவதும் பார்க்க ஆசைப்படாமல், ஆயிரங்கால் மண்டபத்தையும் அதன் எதிரே சேஷராயர் மண்டபத்தில் கல்லில் பாயும் குதிரைகளையும் பார்த்துவிட்டு எட்டு மணிக்குள் வெளியே வந்துவிடுவது போதுமானது. திருவிழா நாள்களில், குறிப்பாக மார்கழியில் வைகுண்ட ஏகாதசியை ஒட்டி, இந்தத் திட்டத்தைக் கைவிட்டுவிடுங்கள். கூட்டத்தில் நுழைந்தால் நேரத்துக்கு வெளியே வர முடியாது.

முற்பகலில் இறங்குகிறவர்கள் திருவானைக்காவலுக்குப் போகலாம். நடை சாத்துவதற்கு முன் நடக்கும் உச்சிக்கால பூஜையில் அர்ச்சகர் அம்பாளாகவே சேலை உடுத்திக்கொண்டு, மேளத்தோடு அகிலாண்டேசுவரி சந்நிதியிலிருந்து சுவாமி சந்நிதிக்கு நடந்து போய் பூஜை செய்வார். மற்றக் கோயில்களில் உங்களைத் துரத்தும் நண்பகல், இங்கே நீங்கள் தேடிப் போக வேண்டிய நேரமாகிவிடுகிறது. சுவாமி சந்நிதியின் சன்னலில் ஒன்பது துளைகள் இருக்கும். அவற்றின் வழியாகத்தான் ஜம்புகேசுவரரைப் பார்க்க வேண்டும். தரிசனம் முடிந்து வெளியே வந்தால் பார்த்தசாரதி விலாஸின் நெய் தோசை நடக்கும் தூரத்தில் இருக்கிறது. விமானத்தில் கொடுப்பார்கள் என்று வயிற்றைக் காயப்போடாதீர்கள்.

நகர நெரிசலுக்குள் நுழையவே மனமில்லாதவர்களுக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, தஞ்சைச் சாலையில் உள்ள திருவெறும்பூர். குன்றின் மேல் இருக்கும் எறும்பீசுவரர் கோயில் சோழர் காலத்துக் கற்றளி, அதாவது கல்லால் கட்டிய கோயில். சில நிமிடங்களில் படியேறிவிடலாம், மேலே நின்றால் ஊர் முழுவதும் தெரியும், ஒன்றரை மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம். மற்றொன்று, எட்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்லும் இடமான நார்த்தாமலை. விமான நிலையமே புதுக்கோட்டைச் சாலையில் இருப்பதால், ஊருக்குள் போகாமல் தெற்கே திரும்பி, கீரனூரைத் தாண்டி ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் போனால் போதும். அங்கே மேலமலையின் பாறைச் சரிவில் கால் மணி நேரம் நடந்தால், வெளியே சதுரமும் கருவறை வட்டமுமாகக் கட்டப்பட்ட விசயாலய சோழீச்சரம் நிற்கிறது. இளங்கோவதியரையர் எடுத்த கற்றளி மழையில் இடிந்து போக, மல்லன் விடுமன் என்பவர் அதைப் புதுப்பித்தார் என்று கல்வெட்டு சொல்கிறது. எதிரே பாறையைக் குடைந்த, சமணர் குடகு எனப்படும் குகைக்கோயிலில் பன்னிரண்டு திருமால் உருவங்கள் ஒரே அச்சில் வார்த்தவை போல வரிசையாக நிற்கும். ஒரு மரம்கூட நிழல் தராத அந்தப் பாறையில் காலை பத்து மணிக்கு மேல் வெறுங்காலோடு நிற்க முடியாது. தண்ணீரும் தொப்பியும் இல்லாமல் ஏறாதீர்கள். தாமதமானால் ஏறிக்கொள்ள வேறு வண்டி கிடைப்பது அரிது என்பதால், வந்த காரைத் திருப்பி அனுப்பவும் கூடாது.

திரும்பும்போது பையில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அர்ச்சனை செய்த தேங்காய் மூடியை நான் கைப்பையிலேயே வைத்திருந்தேன். பாதுகாப்புச் சோதனையில் அதை எடுத்து, குங்குமத்தோடும் ஒரு செம்பருத்தியோடும் மேசையின் ஓரமாக வைத்துவிட்டார்கள். அங்கே ஏற்கெனவே நான்கைந்து மூடிகள் இருந்தன. ஊறுகாய், நெய், தேங்காய் எதுவானாலும் பெட்டியில் போட்டு ஒப்படைத்துவிட வேண்டும். பவர் பேங்க்கை மட்டும் அதற்கு நேர்மாறாக, பெட்டியிலிருந்து எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். உள்நாட்டு விமானத்துக்குப் பெட்டி வாங்கும் கவுண்டரைப் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். சென்னைக்கு ஓடுபவற்றில் ஏ.டி.ஆர். 72 வகைச் சிறு விமானங்களும் உண்டு. அவற்றின் மேல்தட்டில் சக்கரப் பெட்டி நுழையாது என்பதால், படிக்கட்டின் அடியிலேயே அதை வாங்கிக்கொள்வார்கள்.

இத்தனை கவனமாக இருந்தும் அடுத்த விமானம் தாமதமாகலாம், ரத்தும் ஆகலாம். இரண்டரை மணி நேரத்துக்கு உட்பட்ட பயணம் இரண்டு மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமானால், நேரத்துக்கு வந்து பதிவு செய்த பயணிகளுக்கு உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதி. கேட்காமல் இருந்தால் பல நேரங்களில் கிடைக்காது. கவுண்டரில் போய்க் கேளுங்கள். ரத்தானால், ஓரிரு விமானங்கள் மட்டுமே ஓடும் வழித்தடத்தில் மறுநாள்தான் இடம் கிடைக்கும் என்று சொல்லக்கூடும். அப்போது பணத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டு, சென்னைக்குப் போக வேண்டியவர் ரயில்வே சந்திப்புக்குக் காரைத் திருப்பலாம். ஏறக்குறைய 330 கிலோமீட்டர். பகலிலும் இரவிலும் ரயில்கள் இருக்கின்றன, இடம் கிடைக்காவிட்டால் பேருந்தில் ஆறு மணி நேரம். எனக்கு ஒருமுறை இப்படி நடந்தபோது மலைக்கோட்டை விரைவு ரயிலில் மேல்படுக்கை கிடைத்தது. மறுநாள் முதல் விமானத்துக்காகக் காத்திருக்க முடிவு செய்தவர்கள் முனையத்துக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்த நேரத்தில் நான் எழும்பூரில் இறங்கிவிட்டேன்.