கேழ்வரகை முளைகட்டிய பிறகே அரையுங்கள்

நார்ச்சத்து இரும்பைச் சேரவிடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பிள்ளைத்தாய்ச்சியான என் மகள் கேழ்வரகுக் கூழையே நிறுத்திவிட்டாள். உயிரியல் ஆசிரியையாக இருந்த எனக்கு அது பொறுக்கவில்லை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அதை ஏன் விட வேண்டும்?

குற்றவாளி பெரும்பாலும் நார் அல்ல. நார் மிகுந்த தோலிலும் தவிட்டிலும் கூடவே இருக்கும் பைட்டிக் அமிலம்தான் இரும்பையும் துத்தநாகத்தையும் கால்சியத்தையும் குடலில் பிடித்துவைத்துக்கொள்கிறது. நாரில் சில வகைகள் நன்மையே செய்கின்றன. பெருங்குடலில் நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கவைக்கும்போது உண்டாகும் அமிலம் கால்சியம் உடலில் சேரத் துணைசெய்கிறது.

பைட்டிக் அமிலத்தை உடைக்கும் பைட்டேஸ் என்ற நொதி தானியத்துக்குள்ளேயே இருக்கிறது. ஈரம் பட்டால்தான் அது வேலை செய்யும். கல் நீக்கிக் கழுவிய கேழ்வரகை இரவு முழுவதும் ஊறவிடுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஈரப் பருத்தித் துணியில் தளர்வாகக் கட்டித் தொங்கவிடுங்கள். துணி காயாமல் அவ்வப்போது தண்ணீர் தெளித்தால், ஓரிரு நாளில் வெள்ளை முளை எட்டிப்பார்க்கும். புளித்த வாடையோ பிசுபிசுப்போ வந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். நன்றாக முளைத்ததை உலர்த்தி அரையுங்கள். முளைகட்டும் முன் வறுக்கவே கூடாது; சூட்டில் முளைப்புத் திறனும் போகும், நொதியும் அழியும். கூழுக்கான மாவையும் நான் வறுப்பதில்லை. இரவே கரைத்துப் புளிக்கவைத்து, மறுநாள் நொய்யோடு சேர்த்துக் காய்ச்சுகிறேன். புளிப்பும் பைட்டிக் அமிலத்தைக் குறைக்கும்.

கூழோடு நெல்லிக்காயோ கொய்யாவோ சாப்பிடுங்கள். வைட்டமின் சி இரும்பு உறிஞ்சப்படுவதைக் கூட்டும். தேநீரும் காபியும் அதற்கு நேர்மாறு. உணவுக்கும் அவற்றுக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மருத்துவர் தந்த இரும்பு மாத்திரையைக் கூழோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்து விழுங்க வேண்டாம்.

மலச்சிக்கலுக்கென்று வேகவைக்காத கோதுமைத் தவிட்டைக் கரண்டி கரண்டியாக மோரில் கலக்கிக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் பைட்டிக் அமிலம் குறையாமல் இருப்பதால், இரத்தசோகை உள்ளவர்களுக்கு நான் அதைச் சொல்லவே மாட்டேன். 1958இல் ஈரானின் ஷிராஸ் நகருக்குப் போன மருத்துவர் ஆனந்த பிரசாத், வளர்ச்சி குன்றிய இளைஞர்களைக் கண்டார். புளிக்கவைக்காத கோதுமை ரொட்டியே அவர்களுக்குப் பெரும்பாலும் உணவு. இரும்போடு துத்தநாகமும் அவர்களுக்குக் குறைந்திருந்தது என்பது பின்னர் தெளிவாயிற்று. மலச்சிக்கலுக்குத் தவிட்டுக்குப் பதில் கீரை, அவரை, வாழைத்தண்டு, பழம் என்று நாரைப் பலவழியில் சேருங்கள். தண்ணீரும் நிறையக் குடியுங்கள்.