மெயில் ஃபைலை வேறு டிரைவுக்கு மாற்றிய பிறகு அவுட்லுக் அடம்பிடித்தால்

சி டிரைவ் நிரம்பி சிவப்புக் கோடு காட்டியதும் எது பெரிய ஃபைல் என்று தேடுவோம். பத்து, இருபது ஜிபிக்கு ஒரு அவுட்லுக் ஃபைல் கண்ணில் படும். கட் செய்து டி டிரைவில் பேஸ்ட் செய்துவிட்டு நிம்மதியாக இருப்போம். மறுநாள் அவுட்லுக்கைத் திறந்தால் ஃபைலைக் காணோம் என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். இப்படி மாட்டிக்கொண்டு என்னிடம் வரும் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் மெயில் எங்கேயும் போயிருக்காது. ஃபைலை நகர்த்தியதைவிட, அதற்கப்புறம் பதறிப்போய்ப் புது ப்ரொஃபைல், ரீஇன்ஸ்டால் என்று செய்த வேலைகள்தான் சிக்கலைப் பெரிதாக்கியிருக்கும். அதனால் முதலில் எதையும் அழிக்காதீர்கள், எதையும் புதிதாக உருவாக்காதீர்கள்.

நீங்கள் நகர்த்தியது பிஎஸ்டியா ஓஎஸ்டியா என்று பாருங்கள். இரண்டும் அவுட்லுக் மெயிலைச் சேமிக்கும் ஃபைல் வகைகள்; பிஎஸ்டியில் மெயில் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். பெயரின் கடைசி மூன்று எழுத்து தெரியவில்லை என்றால் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்தால் தெரியும். ஓஎஸ்டி என்பது எக்ஸ்சேஞ்ச், மைக்ரோசாஃப்ட் 365, ஐமேப் கணக்குகளுக்கு சர்வரில் இருக்கும் மெயிலின் நகல். அதை நகர்த்தி வைத்து அவுட்லுக்கை அங்கே பார்க்கச் சொல்ல முடியாது. எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடுங்கள். சர்வரிலிருந்து மறுபடி இறங்கிவிடும் என்று நம்பி அழிக்கவும் வேண்டாம். ஐமேப் கணக்கில் "திஸ் கம்ப்யூட்டர் ஒன்லி" என்று காட்டும் காலண்டரும் கான்டாக்ட்ஸும் அந்த ஓஎஸ்டிக்குள் மட்டுமே இருக்கும்.

பிஎஸ்டி என்றால் வேலை சுலபம். காணோம் என்ற பெட்டியில் ஓகே கொடுங்கள். ஃபைலைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி ஒரு ஜன்னல் திறக்கும். இங்கேதான் பலர் விழுகிறார்கள். அந்த ஜன்னல் பழைய ஃபோல்டரிலேயே நிற்கும், பழைய பெயரும் கீழே எழுதப்பட்டிருக்கும். அவசரத்தில் அப்படியே ஓப்பன் அழுத்தினால், அதே பெயரில் ஒரு காலி பிஎஸ்டியை அவுட்லுக் அங்கே உருவாக்கிவிடும். இன்பாக்ஸ் வெறிச்சோடி நிற்க, எல்லாம் போச்சு என்று தோன்றும். ஒன்றும் போகவில்லை. பழைய இடத்தில் சில நூறு கேபி அளவில் உட்கார்ந்திருப்பது அந்தப் போலி. ஜிபி கணக்கில் இருப்பதுதான் உங்களுடையது. ஜன்னலில் டி டிரைவுக்குப் போய் அதைத் தேர்ந்தெடுங்கள்.

ஜன்னலே வராமல் அவுட்லுக் மூடிக்கொண்டால் டாஸ்க் மேனேஜரில் அது இன்னும் ஓடுகிறதா என்று பார்த்து நிறுத்துங்கள். பிறகு கன்ட்ரோல் பேனலில் மெயில் என்பதைத் திறந்து டேட்டா ஃபைல்ஸ் போனால் அவுட்லுக்கைத் திறக்காமலே அதே வேலையைச் செய்யலாம். அங்கே ஆட் கொடுத்து புது இடத்து ஃபைலைச் சேருங்கள், செட் ஆஸ் டிஃபால்ட் கொடுங்கள், பழையதை ரிமூவ் செய்யுங்கள். ரிமூவ் என்பது பட்டியலிலிருந்து எடுப்பது மட்டும்தான். டிஸ்கில் இருக்கும் ஃபைலைத் தொடாது.

சரி, பழைய மெயில் எல்லாம் தெரிகிறது, ஆனால் சென்ட் ரிசீவ் அழுத்தினால் டேட்டா ஃபைலைத் திறக்க முடியவில்லை என்று 0x8004010F என்ற குறியீட்டோடு ஒரு பிழை வருகிறதா? மெயிலைக் கம்ப்யூட்டருக்கு இறக்கி வைக்கும் பாப் கணக்குகளில் இது வழக்கம். ஃபைலைத் திறப்பது எங்கிருந்து என்பதும், புது மெயிலைப் போடுவது எங்கே என்பதும் அவுட்லுக்குக்கு இரண்டு தனி விஷயங்கள். முன்னதைச் சரிசெய்துவிட்டோம், பின்னது இன்னும் பழைய முகவரியில் நிற்கிறது. அக்கவுண்ட் செட்டிங்ஸில் ஈமெயில் டேபுக்குப் போய், கணக்கைத் தேர்ந்தெடுத்து, கீழே இருக்கும் சேஞ்ச் ஃபோல்டரை அழுத்தி, புது இடத்து பிஎஸ்டியின் இன்பாக்ஸைக் காட்டுங்கள். ஏற்கெனவே அதுதான் இருப்பதாகக் காட்டினால் நான் வேறொரு ஃபோல்டரை ஒருமுறை தேர்ந்தெடுத்து ஓகே கொடுத்துவிட்டு, திரும்ப இன்பாக்ஸுக்கு மாற்றுவேன்.

அனுமதி இல்லை என்று சொன்னால் விஷயம் வேறு. பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்கிலிருந்து கொண்டுவந்த ஃபைல்களில் இது அதிகம். ஃபைலை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் முதலில் ரீட் ஒன்லி டிக் இருந்தால் எடுங்கள். அப்புறம் செக்யூரிட்டி டேப். அங்கே பெயருக்குப் பதிலாக எஸ் 1 5 21 என்று தொடங்கும் நீளமான எண் தெரிந்தால், அது பழைய விண்டோஸில் இருந்த யூசர். அட்வான்ஸ்டில் ஓனரை உங்கள் பெயருக்கு மாற்றி ஃபுல் கன்ட்ரோல் கொடுத்தால் திறந்துவிடும்.

வெளி ஹார்ட் டிஸ்கில் வைத்தவர்களுக்கு நேற்று ஈ என்றிருந்த டிரைவ் இன்று எஃப் ஆகிவிடும். டிஸ்க் மேனேஜ்மென்டில் போய்ப் பழைய எழுத்தையே கொடுத்துவிடுங்கள். நெட்வொர்க் டிரைவில் மட்டும் வைக்காதீர்கள். பிஎஸ்டியை அப்படிப் பயன்படுத்துவதை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை. ஒன்டிரைவ் ஃபோல்டரும் வேண்டாம், ஒத்திசைவும் அவுட்லுக்கும் ஒரே ஃபைலுக்குச் சண்டை போடும்.

இதெல்லாம் செய்தும், ஃபைல் கண்ணெதிரே இருந்தும் அவுட்லுக்கால் படிக்க முடியவில்லை என்றால்தான் ஸ்கேன்பிஎஸ்டி, அதாவது அவுட்லுக்கோடு வரும் பிஎஸ்டி பழுதுபார்க்கும் கருவி. காணோம் என்ற பிழைக்கு இதை ஓட்டுவது வீண். ப்ரோக்ராம் ஃபைல்ஸில் ஆஃபீஸ் ஃபோல்டருக்குள் இருக்கும். முதலில் பிஎஸ்டிக்கு ஒரு காப்பி எடுங்கள், ஸ்கேன்பிஎஸ்டி கேட்கும் பேக்அப் டிக்கையும் எடுக்காதீர்கள். அதற்கான இடம் டிரைவில் இருக்க வேண்டும். ஒருமுறை பிழை சரியானதென்று சொன்னாலும் மறுபடி ஓட்டுங்கள், பிழை ஏதும் இல்லை என்று சொல்லும்வரை.

மெயில் வர ஆரம்பித்ததும் ரூல்ஸையும் ஒருமுறை பாருங்கள். குறிப்பிட்ட ஃபோல்டருக்கு மெயிலை நகர்த்தும் ரூல்கள் ஃபோல்டரைக் காணாமல் நின்றிருக்கலாம், ஒவ்வொன்றிலும் ஃபோல்டரை மறுபடி காட்ட வேண்டும். தேடல் வேலை செய்யவில்லை என்றால் இன்டெக்ஸிங் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்ட் போய் ரீபில்ட் கொடுத்துவிட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்கள்.

அவுட்லுக்குக்குப் பதில் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருள் வைத்திருப்பவர்கள் தனித்தனி ஃபைலாக நகர்த்தாமல் ப்ரொஃபைல் ஃபோல்டரை மொத்தமாக நகர்த்துங்கள். ப்ரொஃபைலை ஏற்ற முடியவில்லை என்று வந்தால், தண்டர்பேர்ட் மூடியிருக்கும்போது, ஆப்டேட்டாவின் ரோமிங்கில் தண்டர்பேர்ட் ஃபோல்டரில் இருக்கும் ப்ரொஃபைல்ஸ் ஐஎன்ஐ ஃபைலை நோட்பேடில் திறங்கள். பாத் என்ற வரியில் புது இடத்தை முழுதாக எழுதி, இஸ்ரிலேட்டிவ் என்பதை 1-லிருந்து 0 ஆக்குங்கள். பலர் இந்த இரண்டாவதை விட்டுவிடுவார்கள். திறந்த பிறகு ஏதாவது ஒரு ஃபோல்டர் மட்டும் குழம்பித் தெரிந்தால் அதன் ப்ராப்பர்ட்டீஸில் ரிப்பேர் ஃபோல்டர் கொடுங்கள். எம்எஸ்எஃப் என்று முடியும் ஃபைல்கள் வெறும் அட்டவணைதான், அழித்தாலும் திரும்ப உருவாகும். அதே பெயரில் எக்ஸ்டென்ஷன் இல்லாமல் பக்கத்தில் இருக்கும் ஃபைலில்தான் மெயில் இருக்கிறது, அதைத் தொடாதீர்கள்.