வர்த்தக ஒப்பந்தத்தில் மருந்து விலையைத் தேடுவது எப்படி

இந்தியா ஒரு நாட்டோடு வர்த்தக ஒப்பந்தம் போட்டால் கார் விலை, விஸ்கி விலை பற்றித்தான் பேச்சு. மருந்துக்கடை நடத்தும் நான் முதலில் திறப்பது, காப்புரிமை பற்றிப் பேசும் அறிவுசார் சொத்துரிமை அத்தியாயம். நீங்களும் திறக்கலாம். கையெழுத்தான முழு ஒப்பந்தமும் மத்திய வர்த்தக அமைச்சகத்தின் இணையதளத்தில் ஆங்கிலத்தில் இருக்கும். சுங்கவரி அட்டவணைகளை விட்டுவிடுங்கள்.

முதலில் ‘கம்பல்சரி லைசென்ஸ்’ பற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். காப்புரிமை உள்ள கம்பெனி கட்டுப்படியாகாத விலை வைத்தால், அதே மருந்தைத் தயாரிக்க இன்னொருவருக்கு அரசு தரும் கட்டாய உரிமம் இது. 2012இல் நெக்ஸவார் என்ற புற்றுநோய் மருந்துக்கு நாட்கோ என்ற இந்திய மருந்துக் கம்பெனி இதைப் பெற்றபோது, மாதம் சுமார் 2,80,000 ரூபாய் ஆன மருந்து 8,880 ரூபாய்க்கு வந்தது. 2025 ஜூலையில் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தம் இந்த அதிகாரத்தைப் பறிக்கவில்லை. ஆனால் கம்பெனி தானாக முன்வந்து தரும் உரிமமே சிறந்த வழி என்று 13ஆவது அத்தியாயத்தில் எழுதியிருக்கிறார்கள். நாளைக்கு அரசு கட்டாய உரிமம் தரப்போனால், கம்பெனி வக்கீல் இந்த வரியைத்தான் தூக்கிக்காட்டுவார். எனக்கு அது கவலை.

காப்புரிமைக் காலம் நம் சட்டத்தில் 20 ஆண்டு. அதை நீட்டுகிற பிரிவு இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம்தான் முக்கியமானது: ‘டேட்டா எக்ஸ்க்ளூசிவிட்டி’, அதாவது மருந்துச் சோதனைத் தரவுக்குத் தரும் தனியுரிமை. இந்தப் பெயரிலேயே இருக்கும் என்று நினைக்காதீர்கள். ‘அண்டிஸ்க்ளோஸ்டு’ (undisclosed, வெளியிடப்படாத) என்று போட்டுத் தேடுங்கள். புது மருந்தை முதலில் கொண்டுவரும் கம்பெனி நோயாளிகளிடம் சோதித்து அரசுக்குத் தரவு கொடுக்கிறது. அதே மருந்தைப் பிறகு மலிவாகத் தயாரிக்கும் ஜெனரிக் கம்பெனி, தன் மாத்திரையும் ரத்தத்தில் அதே அளவு சேர்கிறது என்று காட்டினால் போதும். மற்றதற்குப் பழைய தரவே ஆதாரம். அந்தத் தரவை இத்தனை வருடம் தொடக்கூடாது என்று ஒப்பந்தம் சொல்லிவிட்டால், காப்புரிமையே இல்லாத மருந்துக்கும் ஜெனரிக் வராது. கட்டாய உரிமம் வாங்கியவரும் விற்பனை அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். பத்து மாத்திரைக்குச் சீட்டு கொண்டுவந்து, விலையைக் கேட்டுவிட்டு ‘நாலு மட்டும் கொடுங்கண்ணே’ என்பவர்களிடம் அத்தனை வருடம் பொறுங்கள் என்று எப்படிச் சொல்வது? அறிவுசார் சொத்துரிமை பற்றிய உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் உடன்படிக்கை, 39.3 பிரிவில், நியாயமற்ற வணிகப் பயன்பாட்டிலிருந்து தரவைக் காக்கத்தான் சொல்கிறது. வருடக் கணக்கு எதுவும் போடவில்லை. அதனால் நீங்கள் தேடிய ஒப்பந்தப் பிரிவில் இத்தனை வருடம் என்று ஓர் எண் இருந்தால், அது டிரிப்ஸைத் தாண்டிய கோரிக்கை. சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பான எஃப்டா இதைக் கேட்டது. இந்தியா ஒத்துக்கொள்ளாமலே 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சரி, ஆபத்தான பிரிவு இருந்தால்? நம் நாட்டில் இத்தகைய ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கட்டாயமில்லை. அதனால் அடுத்த ஒப்பந்தங்களுக்கான பேச்சுவார்த்தை நடக்கும்போதே வர்த்தக அமைச்சகத்துக்கும் உங்கள் எம்.பி.க்கும் எழுதுங்கள். பொதுவாகப் புலம்பாமல் மருந்தின் பெயர், உங்கள் வீட்டில் ஆகும் மாதச் செலவு, எந்தக் கோரிக்கையை ஏற்கக்கூடாது என்பது, இந்த மூன்றும் முதல் பத்தியிலேயே இருக்கட்டும்.