கோரிப்பாளையம் சிக்னலைத் தாண்ட: தன்னம்பிக்கையைச் சேர்க்கும் விதம்

"உன்னை நீ நம்பினால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும்" என்று விடிந்தும் விடியாமலும் ஃபேமிலி குரூப்பில் சூரிய உதயப் படத்தோடு ஒரு மாமா அனுப்புவார், நாமும் கைகூப்புகிற பொம்மை ஒன்றைத் தட்டிவிட்டுப் பல் விளக்கப் போய்விடுவோம். மாமாவைக் குறை சொல்லவில்லை. ஆனால் எப்படி நம்புவது என்பதை அந்தப் படத்தில் யாரும் எழுதுவதில்லை. நாளைக் காலையில் எழுந்து "நம்புகிறேன்" என்று முடிவெடுத்தால் நம்பிக்கை வந்துவிடாது. செய்து செய்துதான் சேரும். சேர்ப்பதற்கு வழி இருக்கிறது.

முதல் வேலை, எதை நம்ப வேண்டும் என்பதைச் சுருக்குவது. ஆல்பர்ட் பண்டூரா என்று ஒரு உளவியலாளர், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்தவர், 1977-ல் எழுதிய கட்டுரையிலிருந்து இந்த விஷயத்தைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். "நான் கெட்டிக்காரன்" என்று பொதுவாக நினைப்பது வேறு, "இந்த வேலையை என்னால் செய்ய முடியும்" என்று நினைப்பது வேறு. நாம் எதை ஆரம்பிக்கிறோம், எவ்வளவு மெனக்கெடுகிறோம், இடையில் அடி விழுந்தால் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கிறோம் என்பதையெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான் தீர்மானிக்கிறது. ஒரே அளவு திறமை உள்ள இரண்டு பேரில் ஒருவர் மேலே போவதும் இன்னொருவர் பாதியில் நிற்பதும் பல நேரம் இதனால்தான். கல்யாண மண்டபத்தில் ஐந்நூறு இலைக்கு அசராமல் சமைத்து இறக்குகிற ஆள், பேங்கில் ஒரு சலானை நிரப்பச் சொன்னால் பேனாவோடு பக்கத்தில் நிற்பவரைத் தேடுவார். அவருக்குத் தன்னம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? எந்த வேலைக்கு என்று கேட்டால்தான் பதில் வரும்.

நம்ம மதுரையில் நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையில் திறந்ததிலிருந்து நம் பிள்ளைகளுக்கு உட்கார்ந்து படிக்க நல்ல இடம் கிடைத்திருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற கூட்டத்தில் பாதிப் பேரைக் கேட்டால் ஒரே பல்லவிதான்: "எனக்கு மேத்ஸ் வராதுண்ணே." அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் கணக்கும் திறனறிவும் 25 கேள்வி, கேள்விக்கு ஒன்றரை வீதம் முப்பத்தேழரை மார்க். "வராது" என்ற ஒரு சொல்லில் அத்தனையும் போகிறது. சரி, என்ன வராது? சதவீதமா, மீ.சி.ம.வா, தனிவட்டியா, வேலையும் நேரமுமா, கன அளவா? உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று தலைப்புதான் முரண்டு பிடிக்கும். "கணக்கு வராது" என்பதற்கு மருந்து கிடையாது, "கூட்டுவட்டி வராது" என்பதற்கு உண்டு.

அப்புறம் அளவு. பண்டூராவும் டேல் ஷுங்க் என்பவரும் 1981-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கழித்தல் கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு ஏழு அமர்வுகளில் முடிக்கச் சொல்லி 42 பக்கப் பயிற்சி. சிலரிடம் "ஒவ்வொரு தடவையும் ஆறு பக்கம் முடிக்கப் பார்" என்றார்கள், சிலரிடம் "கடைசிக்குள் 42 பக்கத்தையும் முடி" என்றார்கள், சிலரிடம் எந்த இலக்கும் சொல்லவில்லை. கணக்கு ஒன்றுதான், பக்கமும் ஒன்றுதான். ஆறு ஆறாகப் போன பிள்ளைகள்தான் நன்றாகத் தேறினார்கள், தங்களால் முடியும் என்று நம்பியதும் அவர்கள்தான், அதைவிட வேடிக்கை, கணக்கே பிடிக்க ஆரம்பித்ததும் அவர்களுக்குத்தான். ஆகவே "ஆறு மாதத்தில் சிலபஸ் முழுக்க" என்று சுவரில் ஒட்டுவதோடு நிறுத்தாதீர்கள், இன்று இரவு படுப்பதற்குள் முடியக்கூடிய அளவு ஒன்று வேண்டும். பத்துக் கணக்கு போதும்.

அதற்கு ஒரு நோட்டு போடுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும், அழகான டைரியெல்லாம் வாங்கினால் எழுதக் கை வராது. தேதி, எத்தனை போட்டேன், எத்தனை சரி, தப்பானதில் எங்கே சறுக்கியது, அவ்வளவுதான். கூட்டுவட்டியில் திணறுகிற ஒரு தங்கச்சியின் நோட்டு இப்படி இருக்கும்: பத்தாயிரம் ரூபாய், பத்து சதவீதம், இரண்டு வருஷம், அவள் விடை 2000, சரியான விடை 2100. பக்கத்தில் சிவப்பில், "இரண்டாம் வருஷம் வட்டிக்கு வட்டி விட்டுப்போச்சு, அந்த 100." அடுத்த நாள் அதே இடத்தில் அதே தப்பு. அதற்கடுத்த நாள் இல்லை. ஒரு மாதம் கழித்து மனசு "உனக்கு இது வராது" என்று ஆரம்பித்தால், அதனோடு வாதாட வேண்டியதில்லை, நோட்டைத் திறந்து காட்டினால் போதும்.

இப்போது ஸ்கூட்டிக்கு வருவோம், ஏனென்றால் படிப்பைவிட இதில்தான் விஷயம் பளிச்சென்று தெரியும். நம் ஊரில் நாற்பது வயதுக்கு மேல் வண்டி பழகுகிற அக்காக்கள் நிறையப் பேர். எடுத்த எடுப்பில் நெரிசல் பிதுங்குகிற கோரிப்பாளையம் சிக்னலில் கொண்டுபோய் நிறுத்தி "தைரியமா ஓட்டு" என்றால் அன்றோடு வண்டி மூலைக்குப் போய்விடும். காலை ஆறு மணிக்கு ஏதாவது காலி பிளாட். முதலில் வண்டியை ஆஃப் பண்ணித் தள்ளிப் பழகுவது, ஸ்டாண்ட் போட்டு எடுப்பது. அப்புறம் ஸ்டார்ட் பண்ணி, இரண்டு காலும் தரையில் உரச மெதுவாகப் போவது. பிரேக்கை மட்டும் தனியாக, பத்துத் தடவை. எட்டு போடுவது, லைசென்ஸுக்கு எப்படியும் வேண்டும். பிறகு நம் தெரு, பால் வாங்கப் போகிற தூரம். பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணா நகர் 80 அடி ரோடு, ஷேர் ஆட்டோ குறைவாக இருக்கும். பிறகு மாட்டுத்தாவணிப் பக்கம், பஸ் பின்னாலேயே ஹாரன் அடித்தாலும் கை நடுங்காத வரைக்கும். கோரிப்பாளையம் அதற்கப்புறம். தீபாவளிக்கு முந்தின வாரம் விளக்குத்தூண் பக்கம் ஓட்ட முடியுமா என்று கேட்பீர்கள், அது தன்னம்பிக்கையில் சேராது, பஸ்ஸில் போங்கள்.

பாம்பு என்றாலே வெலவெலத்துப் போகிறவர்களோடு பண்டூரா வேலை செய்தபோது கையாண்டதும் இதே படிமுறைதான். "பாம்பு ஒன்றும் செய்யாது" என்று பிரசங்கம் பண்ணவில்லை. தூரத்தில் நின்று பார்ப்பது, கிட்டே போவது, கையுறையோடு தொடுவது, வெறும் கையால் தொடுவது என்று ஒவ்வொரு படியாக, கூடவே ஒருவர் துணைக்கு நிற்க. முக்கியமான விஷயம் கடைசியில்தான் வருகிறது: துணையை எடுத்துவிட வேண்டும். வண்டி பழகும்போது பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிற தம்பி ஒரு கட்டத்தில் கையை விட வேண்டும், விட்டுவிட்டான் என்பது அக்காவுக்குத் தெரியவும் வேண்டும். தெரியாவிட்டால், விழாமல் வந்ததற்கான பெருமை தம்பி கணக்கில்தான் சேரும். பின்னால் உட்கார்ந்துகொண்டு வளைவுக்கு வளைவு ஹேண்டில்பாரை எட்டிப் பிடிக்கிற வீட்டுக்காரர்களுக்கும் இதையே சொல்ல வேண்டும், ஆனால் கேட்க மாட்டார்கள், அதனால் அவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போவது உத்தமம்.

யாரைப் பார்த்து நம்பிக்கை எடுப்பது என்று ஒரு கேள்வி வரும். பெரிய ஆட்களின் கதையில் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தால் பிரயோஜனமில்லை. அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமியையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசு வேலையில் ஓய்வு பெற்றபின் 58 வயதில், 1976-ல், 11 படுக்கையோடு மதுரையில் ஆரம்பித்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்கு முன்னால் நடந்ததைப் பாருங்கள். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்றிருந்தவர், இளம் வயதிலேயே கடுமையான முடக்குவாதம் வந்து விரல்களெல்லாம் கோணிப்போயின. பேனா பிடிப்பதே பாடாக இருந்தது. அந்தக் கையை வைத்துக்கொண்டு மறுபடி எழுதப் பழகி, கண் மருத்துவத்துக்கு மாறி, தன் விரலுக்குத் தோதாகக் கருவிகளை அமைத்துக்கொண்டு கண்புரை அறுவை செய்யக் கற்று, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேல் செய்தார். இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த லட்சத்தை இல்லை, அந்த வரிசையை: முதலில் பேனா, அப்புறம்தான் கத்தி. அழகர்கோவில் பக்கம் புல்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை அம்மாவும் அப்படித்தான், கூலி வேலை செய்த பெண்களைச் சேர்த்துக் களஞ்சியம் என்ற சேமிப்புக் குழுவில் சிறுகச் சிறுகச் சேமிக்கவைத்து, 2019-ல் பத்மஸ்ரீ வரைக்கும் போனவர்.

ஆனாலும் தினசரிக்கு உங்களுக்கு வேண்டியது பத்மஸ்ரீ வாங்கியவர் கிடையாது. உங்களைவிட ஒரு வருஷம் முன்னால் இருப்பவர், உங்கள் மாதிரியே அரசுப் பள்ளி, உங்கள் மாதிரியே வீட்டில் இடமில்லாதவர், போன தடவை தோற்று இந்தத் தடவை தேறியவர். எதையும் சறுக்காமல் செய்து காட்டுகிறவரைவிட, திணறித் திணறிச் சரிசெய்துகொள்கிறவரைப் பார்ப்பதுதான் தடுமாறுகிறவருக்கு அதிகம் உதவுகிறது. அப்படி ஒருவர் கிடைத்தால் டீ வாங்கிக் கொடுத்து "எப்படி ஜெயிச்சீங்க" என்று கேட்காதீர்கள், "எங்கே மாட்டிக்கிட்டீங்க, எப்படி வெளியே வந்தீங்க" என்று கேளுங்கள்.

மற்றவர் பேச்சு ஒரு பக்கம். நம்பிக்கையை ஏற்றுவதைவிட இறக்குவதுதான் வாய்க்குச் சுலபம். "நீ வண்டி ஓட்டிக் கிழிச்ச" என்ற ஒரு வரி, பத்து நாள் பழகியதைக் கரைத்துவிடும். அந்த வாய்க்காரர்களிடம் உங்கள் திட்டத்தைச் சொல்லாமல் இருப்பதே பாதி வெற்றி, முடித்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம். "சூப்பர் சூப்பர்" என்று எதற்கெடுத்தாலும் சொல்கிறவர்களாலும் பெரிய லாபமில்லை. "நேத்து வளைவில காலை ஊன்றினீங்கக்கா, இன்னைக்கு ஊன்றல" என்று பார்த்துச் சொல்ல ஒருவர் இருந்தால் விடாதீர்கள்.

கண்ணாடி முன்னால் நின்று தனக்குத்தானே "நான் ஜெயிப்பேன், நான் ஜெயிப்பேன்" என்று சொல்லிக்கொள்ளலாமா? 2009-ல் ஜோஆன் வுட் என்பவரும் கூட இருந்தவர்களும் செய்த ஆய்வில், தன்னைப் பற்றி ஏற்கெனவே தாழ்வாக நினைப்பவர்கள் "நான் அன்புக்குரியவன்" என்கிற மாதிரி வாக்கியங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது அவர்கள் மனநிலை இன்னும் மோசமானது. வாய் ஒன்று சொல்ல, உள்ளே இருக்கிறது "பொய்" என்கிறது. அதற்குப் பதில், நோட்டில் இருப்பதைச் சொல்லிக்கொள்ளுங்கள்: "போன வாரம் பத்துக்கு நாலு, இந்த வாரம் ஏழு." இதை யார் மறுப்பது?

உடம்பு தனிக்கதை. தேர்வு ஹாலுக்குள் நுழையும்போது உள்ளங்கை வியர்க்கும், வயிறு பிசையும். "பயந்துட்டேன், அவ்வளவுதான், முடிஞ்சுது" என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். கல்யாணத்துக்கு முதல் நாளும் இதே நெஞ்சுதான் இப்படி அடித்தது, அன்றைக்கு அதைப் பயம் என்று சொல்லவில்லை. 2014-ல் அலிசன் வுட் ப்ரூக்ஸ் வெளியிட்ட ஆய்வில், மேடைப் பேச்சுக்கும் கணக்குச் சோதனைக்கும் முன்னால் "அமைதியாக இரு" என்று தங்களை அடக்கப் பார்த்தவர்களைவிட "உற்சாகமாக இருக்கிறேன்" என்று எடுத்துக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். படபடப்பை அடக்க மல்லுக்கட்டாதீர்கள், உடம்பு வேலைக்குத் தயாராகிறது என்று விட்டுவிடுங்கள். முதல் நாள் இரவு தூங்குங்கள், இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை.

மாதிரித் தேர்வில் 25-க்கு 9 வந்தால்? "எனக்கு மண்டையில் ஏறாது" என்பது மாற்ற முடியாத காரணம், "வேலை-நேரக் கணக்கை நான் தொடவே இல்லை" என்பது நாளைக்கே மாற்றக்கூடியது. உண்மையில் பெரும்பாலும் இரண்டாவதுதான் இருக்கும்.

இதெல்லாம் எதுவரைக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம்பிக்கை இருந்தால் படிக்காத பாடம் வந்துவிடாது, பழகாத கை பிரேக்கைப் பிடிக்காது. குரூப் 4-ஐப் பல லட்சம் பேர் எழுதுகிறார்கள், இடம் சில ஆயிரம்தான். நன்றாக எழுதியவர்களில் பெரும்பாலோருக்கு வேலை கிடைக்காது, அது அவர்களின் திறமைக்குப் போட்ட மார்க் இல்லை. அதனால் எத்தனை முறை எழுதுவது, எந்த வயது வரை, கூடவே என்ன வேலை பார்ப்பது என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசி முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். முயற்சிக்கு எல்லை வைப்பது அவநம்பிக்கை ஆகாது. தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், எதைத் தொட்டாலும் "நான் எதற்கும் லாயக்கில்லை" என்றே வாரக்கணக்கில் ஓடினால், அதற்கு நோட்டு போதாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், காசு கிடையாது. நேரில் பார்க்க வேண்டுமென்றால் நம்ம அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.