பச்சிளம் குழந்தைக்குப் பரிசோதனை: புதிதாக வந்திருக்கும் பெற்றோருக்கு

குழந்தை பிறந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ நர்ஸ் கையில் ஒரு அட்டையோடு வந்து, குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கவேண்டும் என்பார். நாடு புதிது, மொழி புதிது, சரியாகத் தூங்கி இரண்டு நாளாகியிருக்கும். நெஞ்சு பதறத்தான் செய்யும். உங்கள் குழந்தைக்கு ஏதோ கோளாறு என்று சந்தேகப்பட்டு இதைச் செய்வதில்லை. அங்கே பிறக்கிற எல்லாக் குழந்தைகளுக்கும் செய்வதுதான்.

ராபர்ட் கத்ரி என்ற அமெரிக்க அறிஞர் 1960களின் தொடக்கத்தில், வடிதாளில் காய்ந்த ரத்தத் துளியை வைத்தே ஒரு பிறவி நோயைக் கண்டுபிடிக்க வழி செய்தார். இன்று அதே மாதிரித் துளிகளில் பல நோய்களைப் பார்க்கிறார்கள். எவை என்பது நாட்டுக்கு நாடு மாறும். பிறவித் தைராய்டு குறைபாடு பெரும்பாலும் அதில் இருக்கும். ஏறத்தாழ 2000 முதல் 4000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருவது அது. பிறக்கும்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது. முதல் இரண்டு வாரங்களுக்குள் மாத்திரையைத் தொடங்கிவிட்டால் மூளை வளர்ச்சி கெடாமல் காப்பாற்றிவிடலாம். வெளியே ஒன்றும் தெரியாத குழந்தைக்கு ஏன் ஊசி என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

பாதத்தை வெதுவெதுப்பாக்கி, குதிகாலின் ஓரத்தில் குத்தி, அட்டையிலுள்ள வட்டங்களில் ஒவ்வொன்றாக ரத்தத்தை ஊறவிடுவார்கள். குழந்தை வீறிடும். அந்த நேரத்தில் மார்பில் பால் குடித்துக்கொண்டிருந்தால் வலி குறைகிறது. "பால் கொடுத்துக்கொண்டே எடுக்கலாமா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

அட்டை உங்கள் கையைவிட்டுப் போகுமுன் அதிலிருக்கும் விவரங்களை வாங்கிப் படித்துப் பாருங்கள். புதிதாக வந்தவர்களுக்கு நான் சொல்வதில் முக்கியமானது இதுதான். குழந்தைக்கு இன்னும் பெயர் வைத்திருக்க மாட்டோம், அதனால் பெரும்பாலும் தாயின் பெயரில்தான் போகும். அந்தப் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா? கொடுத்த போன் எண் இன்னும் ஒரு மாதத்துக்கு நிச்சயம் வேலை செய்யுமா? வந்த புதிதில் சிம்மையும் வீட்டையும் மாற்றிக்கொண்டே இருப்போம். ஆய்வகத்திலிருந்து அழைக்கும்போது அந்த எண் அணைந்து கிடந்தால் விலைமதிப்பற்ற நாட்கள் போய்விடும். துணைக்கு இன்னொருவர் எண்ணையும் கொடுங்கள். அந்த வாரங்களில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலும் எடுங்கள்.

அழைப்பு வந்தால்? மறுபடி ரத்தம் எடுக்க வரச்சொன்னால் நோய் உறுதி என்று பொருளல்ல. இந்தப் பரிசோதனை சல்லடை மாதிரி. ஒரு குழந்தைகூடத் தவறிவிடக்கூடாது என்று கண்ணியை நெருக்கி வைத்திருக்கிறார்கள், அதனால் நல்ல குழந்தைகளும் சில மாட்டும். பிறந்து 24 மணி நேரத்துக்குள் எடுத்தால், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனின் அளவு இயல்பாகவே ஏறியிருக்கும், அது குறைபாடு போலத் தெரியும். குறைமாதக் குழந்தையாக இருக்கலாம். ரத்தம் போதாமல் போயிருக்கலாம். மறுபரிசோதனையில் பல குழந்தைகளுக்கு ஒன்றுமில்லை என்றே வரும். ஆனாலும் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். எந்த நோய்க்காக, எங்கே, எப்போது வரவேண்டும், அதுவரை பால் வழக்கம்போலக் கொடுக்கலாமா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சில நோய்களில் தாய்ப்பாலை உடனே நிறுத்தச் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் நிறுத்துங்கள். முடிவு வரும்வரை பீய்ச்சி எடுத்துவந்தால் சுரப்பு வற்றாது. சில நோய்களில் நீண்ட நேரம் பசியோடு விடக்கூடாது என்பார்கள். குழந்தை துவண்டாலோ, பால் மறுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ குறித்த நாளுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

செவித்திறன் பரிசோதனையிலும் இதே கதைதான். என் மகளுக்கு முதல் தடவை ஒரு காது தேறவில்லை. அன்றிரவு முழுக்க அவள் காதருகே கைதட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், ஒவ்வொரு தட்டுக்கும் அவள் விழிக்கிறாளா என்று பார்த்துக்கொண்டு. பிறப்பின்போது காதில் தங்கிய நீர் வற்றாமல் இருந்தாலே இப்படி வரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்துத் தேறிவிட்டாள். கைதட்டிப் பார்ப்பதை நம்பி மறுபரிசோதனையை விட்டுவிடாதீர்கள், ஒரு காது மட்டும் கேட்காத குழந்தையும் திரும்பிப் பார்க்கும். முதல் மாதத்துக்குள் பரிசோதனை, மூன்றாம் மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறாம் மாதத்துக்குள் சிகிச்சை என்பது பல நாடுகளில் மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. கையிலும் காலிலும் விளக்குப்பட்டை சுற்றி ஆக்சிஜன் பார்ப்பது இதயத்துக்கானது. வலிக்காது, சில நிமிடம்தான்.

மொழி தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பல மருத்துவமனைகளில் போன் வழியாகவாவது ஏற்பாடு செய்வார்கள். கணவரையோ பக்கத்து வீட்டுக்காரரையோ நம்பி இருக்காதீர்கள். பதற்றத்தில் அவர்களும் பாதியைத்தான் கேட்பார்கள்.

முடிவு எப்போது, எப்படி வரும் என்று வீட்டுக்குக் கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் கடிதம் வரும், சில இடங்களில் கோளாறு இருந்தால் மட்டுமே கூப்பிடுவார்கள். சொன்ன நாள் கடந்தும் தகவல் இல்லையென்றால் நீங்களே போன் செய்து, தாயின் பெயரும் குழந்தை பிறந்த தேதியும் சொல்லி, அட்டை ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள்.